மூன்றாவது லாரி ஜான்சன்

‘லாரி ஜான்சன்’ என்ற பெயரைத் தேடினால் எதிர்ப்படுபவர் மூவர். ஒருவர் கூடைப்பந்து வீரர். 1991ஆம் ஆண்டு என்.பி.ஏ. வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். இன்னொருவர் அமெரிக்கக் கால்பந்து வீரர்; 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்காக 2,087 கெஜம் ஓடியவர். நான் தேடியது மூன்றாமவரை. அவர் அந்த இரண்டாமவரின் தந்தை. பென் ஸ்டேட்டிலும் பிறகு ஒஹையோ ஸ்டேட்டிலும் 1996 முதல் தடுப்பு வரிசைப் பயிற்றுநராகப் பணியாற்றி, அத்துறையில் இத்தலைமுறையின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர் எனப் பெயரெடுத்தவர். ஆயினும் மூவரில் இவருக்கு மட்டும் சொந்தப் புள்ளிவிவரம் என்று சொல்ல எதுவுமில்லை. செய்தித்தாள் தொகுப்புகளில் இவரைத் தேடும்போது பத்தில் ஒன்பது முடிவுகள் மற்ற இருவருடையவையாக வந்து விழுகின்றன. எஞ்சும் ஒன்றிலும் இவர் பெயர், தாம் பயிற்றுவித்த யாரோ ஒருவரைப் பற்றிய செய்தியின் எட்டாவது பத்தியில் இருக்கும்.

தொழில்மொழி பற்றிய ஒரு கட்டுரைக்குத் தரவு திரட்டியபோது இப்பெயர் கண்ணில் பட்டது. கட்டுரை ஒருபுறம் நிற்க, ஒரு துணைப் பயிற்றுநரின் பணிவரலாற்றை எந்த ஆவணத்திலிருந்து எழுதுவது என்ற கேள்வி என்னை விடவில்லை. இப்பதிவு அக்கேள்வியின் விளைவு. இவ்விளையாட்டு நமக்குப் பழக்கமானதன்று என்பதால் வேண்டிய அளவு மட்டும் விளக்கிவிடுகிறேன்.

அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும், வரிசையின் நடுவே குனிந்திருக்கும் சென்டர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்புவதோடு தொடங்கும். இதற்கு ஸ்நாப் என்று பெயர். பந்தைப் பெற்றுக்கொள்ளும் குவார்ட்டர்பேக் அதை எறியலாம், அல்லது ஓடுபவரிடம் தரலாம். அவருக்கு முன்னே சென்டரையும் சேர்த்து ஐவர் அரணாக நிற்பர். அந்த அரணுக்கு நேர் எதிரே கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கும் மூவரோ நால்வரோ கொண்டதே தடுப்பு வரிசை. அரணைப் பிளந்து உள்ளே நுழைந்து, பந்து எறியப்படுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது இவர்களுடைய உச்ச வெற்றி. அதனைச் சாக் என்பர். பெரும்பாலும் மூன்று நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த நால்வருக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் என்னும் ஏற்பாடு தொன்மையானதன்று. முற்காலத்தில் ஒரே பதினொருவர் தாக்கவும் தடுக்கவும் ஆடினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் மாற்றாள் விதி தளர்ந்தது. அந்தத் தளர்வைப் பயன்படுத்தி மிச்சிகன் பயிற்றுநர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர், 1945 அக்டோபரில் வலிமை மிக்க இராணுவக் கல்லூரி அணிக்கு எதிராகத் தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு வேறோர் அணி என மாற்றி மாற்றி இறக்கினார். மிச்சிகன் 28–7 எனத் தோற்றது. ஆனால் அம்முறை வென்றது. 1953இல் செலவைக் காரணம் காட்டி அதற்குத் தடை விதிக்கப்பட்டது. 1960களின் நடுவில் தடை முற்றிலும் நீங்கியதும் தடுப்பு ஆட்டம் தனித் தொழிலாயிற்று. அதற்குள்ளும் வரிசைக்கு ஒருவர், பின்களத்துக்கு ஒருவர் எனப் பயிற்றுநர்கள் பிரிந்தனர். ஒரு விதித் திருத்தம் ஒரு தொழிலையே பிறப்பித்த கதை இது.

தொழில் பிறந்தால் அதற்கொரு மொழியும் பிறக்க வேண்டுமல்லவா? தடுப்பு வரிசையில் ஒருவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை எண்ணால் சொல்கிறார்கள். சென்டருக்கு நேர் எதிரே நின்றால் அது சுழியம். அவருக்கு அடுத்திருக்கும் கார்டுக்கு நேர் எதிரே என்றால் இரண்டு. கார்டின் வெளிப்புறத் தோளுக்கு எதிரே என்றால் மூன்று. அதற்கும் அப்பால் இருக்கும் டேக்கிளுக்கு நேரே நான்கு. அவர் வெளித்தோளுக்கு ஐந்து. 1950களில் டெக்சாஸ் மாநிலத்தில் பணியாற்றிய பம் ஃபிலிப்ஸ் என்பவரை இம்முறையின் மூலவராகச் சொல்வர். மொழியியல் மாணவனுக்கு இதில் ஒரு சுவை உண்டு. இவ்வெண்கள் திடலில் எந்த நிலையான இடத்தையும் குறிப்பதில்லை. எதிராளியின் உடல் எங்கே இருக்கிறதோ அதை வைத்தே பொருள் பெறுகின்றன. எதிராளி நகர்ந்தால் ‘மூன்று’ம் நகரும். சுட்டுச் சொற்களைப் பற்றி வகுப்பில் நாம் படிப்பதெல்லாம் இங்கே வியர்வையோடு நடைபெறுகிறது.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. ஸ்நாப் எந்தக் கணத்தில் நிகழும் என்பது தாக்கும் அணிக்கு மட்டும் தெரியும். குவார்ட்டர்பேக் உரக்கக் கூவும் சொற்களில் எத்தனையாவது சொல்லுக்குப் பந்து வரும் என்று அவர்கள் முன்னரே பேசி வைத்திருப்பர். தடுப்பு வரிசையினர் அவசரப்பட்டு முன்கூட்டியே பாய்ந்தால் ஐந்து கெஜம் தண்டம். ஆகவே குவார்ட்டர்பேக் வேண்டுமென்றே குரலை ஏற்றி இறக்கி, ஏதோ ஒரு சொல்லில் திடீர் அழுத்தம் கொடுத்து, எதிரே இருப்பவரைப் பாயத் தூண்டுவார். ஒலியழுத்தத்தைக் கொண்டே செய்யப்படும் ஏமாற்று அது. இதற்கு எதிராகத் தடுப்பு வரிசைப் பயிற்றுநர் முதல்நாள் கற்பிக்கும் பாடம், காதை நம்பாதே என்பதுதான். பந்தைப் பார், பந்து அசைந்தால் நீ அசை. இருபது வயது இளைஞன் ஒருவனை, எதிரே கூவப்படும் மொழியைக் கேட்டும் கேளாதவனாக ஆக்குவதற்கு ஆயிரக்கணக்கான முறை அதையே செய்ய வைக்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகு முதல் அடி எந்தக் காலில், கை எதிராளியின் மார்பில் எங்கே பட வேண்டும், அவன் கை நம்மீது படுமுன் அதை எப்படித் தட்டிவிடுவது என்பன தொடரும். ஜான்சன் பெயர் பெற்றது குறிப்பாக இந்தக் கைவேலையில். இவற்றில் மிகச் சிறிதளவே எழுத்தில் உள்ளது. மிகுதியெல்லாம் உடலிலிருந்து உடலுக்குப் போவது.

ஜான்சன் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டி மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் ஆடியவர். அது 1891இல் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென நிறுவப்பட்ட கல்வி நிலையம். அவர் ஆடிய இடம் லைன்பேக்கர். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் படித்து மற்றவர்க்குக் கட்டளையிடும் இடம். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 1970இல் ஜான் லாய், ஜோசஃப் மக்கெல்வோக் என்னும் இரு சமூகவியலர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தொழில்முறை அணிகளில் முடிவெடுக்கும் நடு இடங்களில் வெள்ளையரும் விளிம்பு இடங்களில் கறுப்பினத்தவரும் குவிக்கப்பட்டிருப்பதை அது காட்டியது. பின்னாளில் ‘ஸ்டாக்கிங்’ என்ற பெயரில் விரிந்த ஆய்வுத் துறைக்கு அது ஓர் ஊற்றுக்கண். நடு இடத்தில் ஆடியவரே தலைமைப் பயிற்றுநராக உயர்வது வழக்கம் என்பதால், ஆட்டக்காரராக ஒதுக்கப்பட்ட இடம் பிற்காலப் பதவியையும் தீர்மானித்துவிடுகிறது. வரலாற்றுவழிக் கறுப்பினக் கல்லூரிகளில் இந்தப் பாகுபாட்டுக்கு இடமே இல்லை. எல்லா இடத்திலும் கறுப்பினத்தவரே ஆடினர். நடு இடத்தில் ஆடிய ஜான்சன், வெள்ளையர் மிகுந்த பெரிய பல்கலைக்கழகங்களின் உலகுக்கு வந்தபோது அவருக்குத் தரப்பட்டது விளிம்பு வேலை.

அதற்கு முன் அவர் தலைமைப் பயிற்றுநராகவே இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பட்டம் பெற்றதிலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்றுவித்தார். மேரிலாந்தின் மெக்டனா, வர்ஜீனியாவின் டி.சி. வில்லியம்ஸ் ஆகிய பள்ளி அணிகளைத் தலைமை தாங்கி நடத்தினார். பின்னதன் பெயரைச் சிலர் திரைப்படம் வழியாக அறிந்திருக்கலாம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அணியாக ஆடி 1971இல் மாநில வாகையர் ஆன பள்ளி அது. அக்கதை 2000இல் டென்சல் வாஷிங்டன் நடிப்பில் படமானது. இன ஒருமைப்பாட்டின் சின்னமாகப் புகழ்பெற்ற அப்பள்ளி, இனப் பிரிவினையை ஆதரித்த ஒரு கல்வி அதிகாரியின் பெயரையே தாங்கி நின்றது. 2021இல்தான் அப்பெயர் நீக்கப்பட்டது. பெயர்கள் செய்யும் வேலையைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

1996இல் ஜோ பட்டர்னோ அவரைப் பென் ஸ்டேட்டுக்கு அழைத்துக்கொண்டார். முதல் நான்கு ஆண்டுகள் வரிசையின் ஓரத்தில் ஆடுவோருக்கு; 2000 முதல் வரிசை முழுமைக்கும். அதன் பின் நடந்ததைத் தேர்வுப் பட்டியல்கள் வழியாகவே சொல்ல முடிகிறது. தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் நாள் அது. 2000இல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட கோர்ட்னி பிரவுன் ஜான்சனின் மாணவர். 2003இல் ஜிம்மி கென்னடி பன்னிரண்டாவதாகவும் மைக்கேல் ஹேன்ஸ் பதினான்காவதாகவும் எடுக்கப்பட்டனர். அதே நாள், அதே முதல் சுற்றில், இருபத்தேழாவதாக அழைக்கப்பட்ட பெயர் லாரி ஜான்சன், மகன். பிறகு லைபீரிய உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிச் சிறுவனாக அமெரிக்கா வந்த டாம்பா ஹாலி, ஏரன் மேபின், ஜேரட் ஓட்ரிக்.

பிரவுனைப் பற்றி ஒரு சிறு ஆவணச் செய்தி. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. தனிவீரர் சாக் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியதே 2000ஆம் ஆண்டுப் பருவத்தில்தான். பிரவுன் கடைசியாகக் கல்லூரிக்கு ஆடியது 1999இல். தொழில்முறைக் கழகத்திலும் இக்கணக்கு 1982இல்தான் தொடங்கிற்று. எறிந்த கெஜங்களும் ஓடிய கெஜங்களும் பல பதிற்றாண்டுகளாக எண்ணப்பட்டு வந்த விளையாட்டில், தடுத்தவர் பணி இவ்வளவு காலம் எண்ணப்படாமலே கிடந்திருக்கிறது. தடுத்தவருக்கே கணக்கில்லை என்றால் தடுக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு எங்கிருந்து வரும்?

2011 நவம்பரில் பென் ஸ்டேட் சரிந்தது. அணியின் முன்னாள் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பல்லாண்டுகளாகப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியது வெளிவந்தது; பட்டர்னோ நீக்கப்பட்டார்; அடுத்த ஆண்டு சாண்டஸ்கி 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அக்கொடுமையின் முன் விளையாட்டுக் கணக்குகளைப் பேசுவதே கூச்சம் தருகிறது. ஆயினும் ஆவண வரலாறு எழுதுபவன் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2012 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. விதித்த தண்டனைகளுள் ஒன்று, 1998 முதல் 2011 வரை அவ்வணி பெற்ற 112 வெற்றிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது. பட்டர்னோவின் மொத்தக் கணக்கு ஒரே நாளில் 409இலிருந்து 298 ஆகக் குறைந்தது. அந்த 112 வெற்றிகளின் காலம் முழுதும் ஜான்சன் அங்கே பணியில் இருந்தார். அவர் கணக்கில் குறைக்க எதுவும் இருக்கவில்லை. நடந்த ஆட்டத்தை நடக்காததாக ஆக்க முடியும் என்று நம்பும் பதிவேட்டு அதிகாரத்தின் மேல் எனக்கு எப்போதுமே ஐயம் உண்டு. துன்புற்ற குழந்தைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதிய தலைமைப் பயிற்றுநராக வந்த பில் ஒ’பிரையன், பழைய குழுவில் ஜான்சனையும் இன்னொருவரையும் மட்டும் வைத்துக்கொண்டார். 2014 தொடக்கத்தில் ஒ’பிரையன் தொழில்முறை அணியொன்றுக்குப் போய்விட, ஜான்சன் இடைக்காலத் தலைமைப் பயிற்றுநர் ஆனார். நிரந்தரப் பதவிக்கு நேர்காணலும் நடந்தது. பதவி ஜேம்ஸ் ஃபிராங்க்லினுக்குப் போயிற்று. இதை எளிய இனப்பாகுபாட்டுக் கதையாக எழுதிவிட முடியாது. அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் ஃபிராங்க்லின்தான். ஆனால் அவர் ஏற்கெனவே வேறொரு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பதவியில் இருந்தவர். பதினெட்டு ஆண்டுகள் துணைப் பயிற்றுநராக இருந்தவரின் தகுதி, துணைப் பயிற்றுநர் என்பதாகவே சுருங்கிப்போகிறது. ஒரு வேலையில் மிகச் சிறந்தவராக இருப்பது அவ்வேலையிலேயே ஒருவரை நிறுத்திவைக்கும் என்பதைப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் நாம் அறியாதவர்கள் அல்லர். ஜான்சன் தம் பழைய இடத்தில் தொடர மறுத்து, அதே மாதம் போட்டி அணியான ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார்.

அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று அவர் பென் ஸ்டேட்டின் பீவர் அரங்குக்கு எதிரணிக்காரராக வந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கம் அது. முற்பாதியில் ஒஹையோ ஸ்டேட் முன்னிலை பெற்றது. பிற்பாதியில் பென் ஸ்டேட் தடுப்பு வரிசையைச் சேர்ந்த ஆன்டனி ஸெட்டல் எதிரணி எறிந்த பந்தைப் பிடித்து 40 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார், ஆட்டம் திரும்பியது. முந்தைய பருவம் வரை ஸெட்டலைப் பயிற்றுவித்தவர் ஜான்சன். சமநிலையில் முடிந்த ஆட்டம் இரண்டு கூடுதல் சுற்றுகளுக்குச் சென்றது. ஒஹையோ ஸ்டேட் 31–24 என முந்தியிருக்க, பென் ஸ்டேட்டின் கடைசி முயற்சி. ஒஹையோ ஸ்டேட்டின் ஜோயி போசா, தம்மைத் தடுக்க வந்த ஓட்டக்காரரை அப்படியே பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய்க் குவார்ட்டர்பேக் கிறிஸ்டியன் ஹாக்கன்பெர்க்கின் மேல் மோதச் செய்து அவரை வீழ்த்தினார். ஆட்டம் முடிந்தது. அன்று திடலின் இரு பக்கமும் ஆட்டத்தைத் திருப்பிய கைகள் ஒரே ஆசிரியரிடம் பழகியவை. புள்ளிப் பட்டியலில் ஸெட்டல் பெயரும் இருக்கிறது, போசா பெயரும் இருக்கிறது.

அந்தப் பருவத்தின் முடிவில், 2015 ஜனவரி 12 அன்று, ஒஹையோ ஸ்டேட் 42–20 என ஆரிகனை வென்று நாட்டு வாகையர் ஆயிற்று. நான்கு நாள் கழித்து, ஒரு வழக்கின் சமரசத்தில், பென் ஸ்டேட்டின் 112 வெற்றிகளும் பதிவேட்டுக்குத் திரும்பின. பட்டர்னோ இறந்து அப்போது மூன்றாண்டு ஆகவிருந்தது.

ஒஹையோவில் அவர் செய்தவற்றுள் மூன்று பெயர்களை மட்டும் சொல்கிறேன். ஜோயி போசா 2016இல் மூன்றாவதாகவும், அவர் தம்பி நிக் போசா 2019இல் இரண்டாவதாகவும், சேஸ் யங் 2020இல் இரண்டாவதாகவும் தேர்வாயினர். மூவரும் தத்தம் முதல் பருவத்திலேயே தொழில்முறைக் கழகத்தின் சிறந்த புதிய தடுப்பு வீரர் விருதைப் பெற்றனர். உடல்வாகு பிறப்பில் வருவது என்று சொல்வோர் உண்டு; போசா சகோதரர்களின் தந்தையும் அதே இடத்தில் ஆடியவர்தான். பிறப்பும் பயிற்சியும் எவ்வளவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் தராசு என்னிடம் இல்லை.

2020 டிசம்பர் 5 அன்று ஒஹையோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆட வேண்டியிருந்தது. தலைமைப் பயிற்றுநர் ரயன் டே கோவிட் தொற்றால் வர இயலாததால் பொறுப்பு ஜான்சனிடம் வந்தது. பெருந்தொற்றால் பார்வையாளர்கள் இல்லாத அரங்கம். 52–12 என அணி வென்றது. ஒஹையோ ஸ்டேட் கால்பந்து வரலாற்றில் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்றுநராக நின்ற முதல் ஆட்டம் அது. அந்த அணி 1890 முதல் ஆடி வருகிறது. அடுத்த ஆட்டத்துக்கு டே திரும்பிவிட்டார்.

கடைசியாக ஒரு நாள். 2025 ஜனவரி 20, அட்லாண்டா நகரம், நாட்டு வாகையர் இறுதி ஆட்டம். எதிரணியான நோட்ர டேமின் தலைமைப் பயிற்றுநர் மார்கஸ் ஃபிரீமன். அந்த ஆட்டத்தை எட்டிய முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர். அவர் ஒஹையோ ஸ்டேட்டின் பழைய மாணவர், முன்னாள் லைன்பேக்கர். அவருக்கு எதிர்ப்புற எல்லைக்கோட்டில், எழுபதைக் கடந்த ஜான்சன் தம் நால்வரோடு நின்றார். 34–23, ஒஹையோ ஸ்டேட் வென்றது. பத்து நாள் முன்பு அரையிறுதியில் டெக்சாஸின் குவார்ட்டர்பேக்கை வீழ்த்திப் பந்தைப் பறித்து 83 கெஜம் ஓடிய ஜாக் சாயர் அந்நால்வரில் ஒருவர்.

அவ்வாண்டு ஏப்ரலில் நால்வரும் தேர்வாயினர்: டைலீக் வில்லியம்ஸ் முதல் சுற்றில், ஜே.டி. டுயிமொலோவாவ் இரண்டாம் சுற்றில், சாயர் நான்காம் சுற்றில், டை ஹாமில்டன் ஐந்தாம் சுற்றில். தேர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எடுத்த அணி, வீரர் பெயர், ஆடும் இடம், பல்கலைக்கழகம் என்ற நிரல்கள் அதில் உள்ளன.